மெர்டேக்கா சதுக்கத்துக் கட்டடங்களுக்கு வேலை கொடுங்கள்

கோலாலம்பூர் மேயரான டத்தோ பண்டார் அவர்களுக்கும், தேசிய மரபுடைமைத் துறைக்கும், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் சீரமைப்புப் பொறுப்பை ஏற்ற அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலுக்கும்,

வணக்கம்.

இடிக்காதீர்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. மெர்டேக்கா சதுக்கத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களை இடிக்கும் எண்ணம் இன்று யாருக்கும் இல்லை என்றுதான் நம்புகிறேன். 2006இல் போக் மாளிகை போனபோதும், 2010இல் புடு சிறையின் ஓவியச் சுவர் சாய்ந்தபோதும் ஊர் பட்ட வயிற்றெரிச்சல் உங்களுக்கும் நினைவிருக்கும். சதுக்கத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆக, கட்டடங்கள் பிழைத்துவிட்டன. இனி அவை என்ன பிழைப்பு நடத்தப்போகின்றன என்பதுதான் என் கேள்வி.

நான் வேலை பார்ப்பது மஸ்ஜிட் ஜாமெக் எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கால் போன போக்கில் ஒரு சுற்றுச் சுற்றுவது வழக்கம். அங்கே பார்ப்பது எப்போதும் ஒன்றுதான். கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூறு பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு வேலையாகப் போகிறவர், வேலை முடிந்து வெளியே வருகிறவர் என்று ஒருவரும் கண்ணில் படுவதில்லை. அருங்காட்சியகங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களும் பார்வையாளர்கள்தான். ஊர்க்காரருக்கு அங்கே ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை.

இந்தக் கட்டடங்கள் ஒன்றுகூட அழகுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. எல்லாமே வேலைக்காகக் கட்டப்பட்டவை. மாநகர் மன்றம் தரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தால் இது விளங்காது. வரைபடம் பாணியைச் சொல்கிறது, கட்டடக் கலைஞரின் பெயரைச் சொல்கிறது, ஆண்டைச் சொல்கிறது. உள்ளே என்ன நடந்தது என்பதை ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது.

சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம். 1894இல் அடிக்கல், 1897இல் திறப்பு. செலவு 152,000 டாலர். நாற்பது லட்சம் செங்கல் போனதாகச் சொல்வார்கள். கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் முதலில் ஐரோப்பியப் பாணியில்தான் வரைந்து கொடுத்தார். அது மாநிலப் பொறியாளர் ஸ்பூனருக்குப் பிடிக்கவில்லை. சிலோன் பொதுப்பணித் துறையில் இருந்துவிட்டு வந்தவர் அவர். முஸ்லிம் நாட்டுக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்றார். பிட்வெல் என்ற இன்னொரு கலைஞர் புதிதாக வரைந்தார், பிற்பாடு ஹபக் என்ற கலைஞரின் கையும் பட்டது. இப்படி வந்து சேர்ந்தவைதான் குதிரைலாட வளைவுகளும், செப்புக் கும்மட்டங்களும், செங்கல்லுக்கு நடுவே ஓடும் வெள்ளைப் பட்டைகளும். சென்னையிலிருந்து வரும் உறவினர்களை அங்கே அழைத்துப் போனால், எங்கள் ஹைகோர்ட் மாதிரி இருக்கிறதே என்பார்கள். அப்படி ஒன்றும் தப்பான ஒப்பீடு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1892இல் முடிந்தது. வெள்ளைக்காரன் இந்தியாவில் பழகிய கையோடு இங்கே வந்து கட்டிய பாணி இது. மலாய்க்காரர்களின் சொந்தக் கட்டடக் கலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

இது எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கிற கதை. நான் சொல்ல வந்தது அடுத்தது. அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலவரித் துறைக் கிராணிகள் (எழுத்தர்கள்), கருவூலக் கிராணிகள், மராமத்து இலாகாக்காரர்கள். நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்று வந்தவர், லைசென்சுக்கு வந்தவர், வரி கட்ட வந்தவர், வரி கட்ட முடியாமல் கெஞ்ச வந்தவர் எல்லாரும் அந்த வராந்தாவில்தான் காத்திருந்தார்கள். வராந்தா அவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணமே வெயிலும் மழையும் காத்திருக்கும் கூட்டமும்தான். பக்கத்திலேயே பெரிய தபால் நிலையம். ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள் மணியார்டர் பாரத்தை யாரையாவது பிடித்து எழுதி வாங்குவார்கள். 1980களில் இருந்து சுல்தான் அப்துல் சமாட் கட்டடமே நீதிமன்றமாக இருந்தது. வழக்கு, வாய்தா, ஜாமீன் என்று எத்தனையோ குடும்பங்களின் தலையெழுத்து அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம் மேல் நீதிமன்றங்கள் புத்ராஜெயாவுக்குப் போயின. 2007இல் உயர் நீதிமன்றமும் ஜாலான் டூத்தாவுக்குப் போய்விட்டது. அமைச்சு ஒன்று சில காலம் இருந்தது. அதுவும் போன பிறகு கட்டடம் பூட்டிக் கிடந்தது.

பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு என்ன ஆகும் என்பதை உங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இரவு விளக்கு மட்டும் ஒருநாளும் அணையவில்லை. வெளியே ஜொலிப்பு, உள்ளே ஒழுக்கு.

தெற்கே வந்தால் தேசிய ஜவுளி அருங்காட்சியகம். 2010இல்தான் அது அருங்காட்சியகம் ஆனது. முதலில் அது ரயில்வேயின் தலைமையகம். எங்கள் குடும்பத்துக்கு அது முக்கியமான இடம். என் தாத்தா செந்தூல் பட்டறையில் பிட்டராக இருந்தவர். அவருக்கு மேலே மண்டோர் என்கிற மேஸ்திரி, மண்டோருக்கு மேலே யாழ்ப்பாணத்துக் கிராணி, அவருக்கு மேலே வெள்ளைக்காரத் துரை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் ரயில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து தண்டவாளம் என்றால் தமிழன் என்றுதான் இந்த ஊரில் பேச்சு. மண் வெட்டியவர்களும் கட்டை போட்டவர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களும் கணக்கர்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். இந்த இரண்டு தமிழர்களுக்கும் நடுவே கோயில் கொடுக்கல் வாங்கல்கூடச் சுமுகமாக இருந்ததில்லை, அது வேறு கதை. 1917இல் ஹபக் கட்டிய புதிய ரயில்வே தலைமையகத்துக்கு அலுவலகம் மாறும்வரை அத்தனை பேரின் சம்பளப் பட்டியலும் இங்கிருந்துதான் ஓடியது. இன்று உள்ளே போனால் சொங்கெட் ஜரிகைத் துணி இருக்கிறது, பாத்தேக் துணி இருக்கிறது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ரயில் ஓடிய கதைக்கு அங்கே இன்னும் உருப்படியான இடம் கிடைக்கவில்லை.

அதற்கு அந்தப் பக்கம் பழைய சார்ட்டர்ட் பேங்க். இப்போது இசை அருங்காட்சியகம். 1926 வெள்ளத்தில் பெட்டக அறைக்குள் தண்ணீர் புகுந்து, நனைந்துபோன நோட்டுக் கட்டுகளைப் பாடாங் என்கிற இதே சதுக்கத்துப் புல்வெளியில் பரப்பிக் காய வைத்தார்கள். காவலுக்கு நின்றவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல கதை கிடையாது. கட்டடத்துக்கு வெளியே நின்று படிக்கிற மாதிரி அதைப் பெரிதாக எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இன்னும் கொஞ்சம் நடந்தால் நகரக் காட்சிக்கூடம். வாசலில் ‘ஐ லவ் கேஎல்’ எழுத்துகளுக்கு முன்னால் எப்போதும் வரிசை. அது 1899இல் அரசாங்க அச்சகம். அரசிதழ் அச்சானது அங்கேதான். ரயில்வே நேர அட்டவணையும்கூட. எழுத்துக் கோப்பவர்கள் நின்றுகொண்டே வேலை பார்த்த கூடத்தில் இப்போது நினைவுப் பொருள் விற்பனை. கடை வைப்பதைக் குறை சொல்லவில்லை, சாவிக்கொத்து நானும் வாங்கியிருக்கிறேன். அச்சகத்தில் அச்சு இயந்திரம் ஒன்று ஓடினால் இன்னும் நன்றாக இருக்காதா என்றுதான் கேட்கிறேன்.

எதிரே ராயல் சிலாங்கூர் கிளப். அது தனியார் இடம், உங்கள் அதிகாரத்துக்கு வெளியே. ஆனாலும் ஒரு பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1884இல் அந்தக் கிளப்பைத் தொடங்கிய உறுப்பினர்களில் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர். சிங்கப்பூரில் பிறந்தவர். டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் வேலை பார்த்து, அவர் 1875இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்தபோது கூடவே வந்து சேர்ந்தார். கருவூலத்தில் தலைமைக் கிராணியாக இருந்து, சில சமயம் மாநிலப் பொருளாளரின் பொறுப்பையும் பார்த்திருக்கிறார். மகா மாரியம்மன் கோயிலும் பத்துமலையும் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. விக்டோரியா இன்ஸ்டிடியூஷனின் தொடக்க கால அறங்காவலர்களிலும் அவர் இருந்தார். ஊருக்குள் அவர் பெயரில் ஒரு தெரு உண்டு. சதுக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட இருப்பதாக என் கண்ணில் படவில்லை.

எங்கள் ஆட்களிலேயே சிலர் கேட்பார்கள்: வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனதற்கு நாம் ஏன் இவ்வளவு உருக வேண்டும்? நியாயமான கேள்வி. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி நள்ளிரவில் அந்தத் திடலில்தான் யூனியன் ஜேக் இறங்கியது. அதற்காகவே அந்த இடத்தைக் கொண்டாடுகிறோம். அப்படியிருக்க அவன் கட்டடத்தை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? என் பதில் எளிது. வெள்ளைக்காரன் தன் வீட்டுப் பணத்தில் கட்டவில்லை. அன்றைய சிலாங்கூரின் வருமானத்தில் பெரும்பங்கு ஈய ஏற்றுமதி வரி. அபினி, சாராயம், சூதாட்டக் குத்தகைகளிலிருந்தும் வந்தது. சுரங்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற சீனத் தொழிலாளியின் உழைப்பும், அவன் மாலையில் புகைத்த அபினியின் காசும்தான் அந்தக் கும்மட்டங்கள். 1881இல் நெருப்பும் வெள்ளமும் அடுத்தடுத்து ஊரைத் துடைத்துப் போட்ட பிறகு, பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையும் வேண்டாம், செங்கல்லும் ஓடும்தான் என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் காலத்துச் சூளைகள் இருந்த வட்டாரம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். துரை வரைந்தான், ஊர் கட்டியது, ஊரே செலவும் ஏற்றது. அதனால் அவை நம்முடையவை. நன்றிக்கடன் எதுவும் கிடையாது, உரிமைதான் இருக்கிறது.

உரிமை என்று சொன்னால் உள்ளே போக ஒரு காரணம் வேண்டும். அங்கேதான் என் கோரிக்கை வருகிறது.

சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் ஒரு முகப்பிடமாவது திறந்து வையுங்கள். கண்காட்சிக்கூடம் இருக்கட்டும், காப்பிக்கடை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு, ஊர் மக்கள் ஒரு காரியமாக வந்து போகிற இடம் ஒன்றும் இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது திருமணப் பதிவு. பதிவுத் திருமணத்துக்கு இன்றைக்கு அரசாங்க அலுவலகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே எண் கூப்பிடும்வரை காத்திருக்கிறோம். அதையே அந்த வளைவுகளுக்குக் கீழே வைத்தால்? மாப்பிள்ளையும் பெண்ணும், இரண்டு பக்கத்து உறவும், நாலு நண்பர்களும் வருவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வராந்தாவிலேயே படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்துக்குக் காலாகாலத்துக்கும் அது தங்கள் கட்டடம். அதற்குப் பிறகு எவனாவது அதன் சுவரில் கிறுக்கினால் அவர்களே கேட்பார்கள். தேசியப் பதிவுத் துறையோடு பேசி வாரத்தில் இரண்டு நாள் நடத்தினால்கூடப் போதும்.

அது ஒத்துவராது என்றால் வேறு வழியும் உண்டு. வாசகசாலை வைக்கலாம். பழைய அரசிதழ்கள், சிலாங்கூர் செயலகக் கோப்புகளின் நகல்கள், பழைய மலாய், சீன, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகள், எல்லாவற்றையும் கணினியில் பார்க்கும் வசதியோடு. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார் என்று தேடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் இன்று ஆவணக் காப்பகத்துக்கு அலைகிறார்கள். காப்பகம் நல்ல வேலைதான் செய்கிறது, ஆனால் எல்ஆர்டியில் இறங்கிச் சாவகாசமாக நடந்து போகிற தூரத்தில் இல்லை. அந்தக் கோப்புகளில் பாதி இந்தக் கட்டடத்திலேயே எழுதப்பட்டவை. திரும்ப வந்து படிக்கக் கிடைத்தால் அது பொருத்தமாகவும் இருக்கும்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். கசானா ஒரு முதலீட்டு நிறுவனம், தர்ம ஸ்தாபனம் அல்ல என்பதும் தெரியும். காப்பிக்கடைக்கு வாடகை வரும், வாசகசாலைக்கு வராது. உண்மைதான். ஆனால் முழுக்கக் கடைகளை நம்பி நடத்தினால் என்ன ஆகும் என்பதை இதே சதுக்கத்துக்குக் கீழே பார்த்துவிட்டோம். திடலுக்கு அடியில் வணிக வளாகம் கட்டினார்கள். வெள்ளம் வந்தது, கடைகள் போயின, கதவு மூடியது. மேலே கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று படம் எடுக்கிற பிள்ளைகளுக்குக் காலுக்கடியில் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

வெள்ளம் என்றதும் சுவர் ஞாபகம் வருகிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நிபுணன் என்ற முறையில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். லெபோ அம்பாங் பக்கம், பழைய செட்டித் தெரு வட்டாரத்தில், நண்பர் ஒருவர் பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். போருக்கு முந்தியது. சுவர் பழசாக இருக்கிறதே என்று குத்தகைக்காரர் ஒருவர் சுண்ணாம்புப் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு, சிமெண்டு பூசி, மேலே நல்ல விலை உயர்ந்த பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கொஞ்ச காலம் புதுசாக மின்னியது. அப்புறம் முழங்கால் உயரத்தில் பெயின்ட் குமிழ் குமிழாக உப்பியது. ஒரு குமிழை விரலால் அழுத்தினேன், உள்ளேயிருந்து வெள்ளையாக உப்பு மாதிரி பொடி கொட்டியது. அடுத்த மழைக்காலத்தில் சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த செங்கல்லை நகத்தால் கீறினால் மாவாக வந்தது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியே காய்ந்து போய்விடும். சிமெண்டு அதை அடைத்துவிடுகிறது. ஈரம் போக வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, கரைந்திருக்கும் உப்பு படிகமாகி, கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில் நிற்கிற கட்டடங்களுக்கு நிலத்தடி ஈரம் ஒருநாளும் ஓயாது. 1926இலும் 1971இலும் வெள்ளமே ஏறி வந்திருக்கிறது. 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம் வந்த பிறகு ஆற்று வெள்ளத்தின் பயம் குறைந்திருக்கலாம், மண்ணுக்குள் இருக்கும் ஈரத்துக்கு அந்தச் சுரங்கம் பதில் இல்லை.

பெரிய கட்டடத்தில் இதையெல்லாம் பார்த்துச் செய்ய வல்லுநர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். என் கவலை அதற்குப் பிந்தைய பராமரிப்பு. பெரிய சீரமைப்புக்குப் பணம் ஒதுக்குவார்கள், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார். அதன் பிறகு ஆண்டுதோறும் நடக்கிற சில்லறை வேலைகள் குறைந்த விலை கேட்ட டெண்டர்காரருக்குப் போகும். அவர் சிமெண்டு மூட்டையோடு வருவார். விழாவுக்குப் பதாகை கட்ட ஒருவர் டிரில் மெஷினோடு வருவார். ஏர்கோன் குழாய்க்கு இன்னொருவர் ஓட்டை போடுவார். இந்தச் சில்லறை வேலைகளுக்கும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றால், சீரமைப்பு நடக்கும் இடத்திலேயே இளைஞர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுங்கள். பழைய கடைவீடுகள் நிறைந்த ஊர் இது. கற்றுக்கொண்ட பிள்ளைக்குச் சதுக்கம் முடிந்த பிறகும் வேலை கிடைக்கும். என் நண்பர் மாதிரி ஆட்களுக்கும் கூப்பிட ஒரு எண் இருக்கும்.

அடுத்து, பலகைகள். இப்போது இருக்கிற பலகைகளில் நார்மனும் ஹபக்கும் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஹபக் மஸ்ஜிட் ஜாமெக்கைக் கட்டினார், 1909இல் திறந்தார்கள், ரயில் நிலையத்தையும் அவரே வரைந்தார், அதையெல்லாம் யாரும் மறுக்கவில்லை. அவர்களோடு கூட அந்தக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்களையும் எழுதுங்கள். கருவூலக் கிராணி எத்தனை மணிக்கு வந்தார், என்ன சம்பளம் வாங்கினார், எங்கே குடியிருந்தார். வீதியில் கல் பரப்பியவர்கள் யார். அச்சகத்தில் எத்தனை மொழிகளில் அச்சடித்தார்கள். இதற்கெல்லாம் ஆவணம் இருக்கிறது, அன்றைய நிர்வாகம் எதை விட்டாலும் கணக்கை விட்டதில்லை. ஆவணத்தில் பெயர் கிடைக்காத இடத்தில் வேலையையாவது சொல்லுங்கள். கற்பனையாக எதையும் சேர்க்க வேண்டாம். தமிழருக்குத் தனிப் பலகை என்று கேட்கவும் இல்லை. சீனத் தச்சர், சீக்கியக் காவலர், மலாய் எழுத்தர், யாழ்ப்பாணத்துக் கணக்கர் எல்லாரும் ஒரே பலகையில் வரட்டும்.

பலகை தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், அதில் சிக்கல் இல்லை. கைபேசியில் கேட்கிற ஒலி வழிகாட்டியிலாவது மாண்டரினும் தமிழும் சேர்த்துவிடுங்கள். நம் நாட்டில் தமிழில் பேசிப் பதிவு செய்யக் குரலுக்குப் பஞ்சமே இல்லை. மின்னல் எஃப்எம் தமிழ் வானொலியில் தினமும் கேட்கிறோம்.

சின்ன விஷயங்கள் சில. நிழல் போதாது. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் திடலைக் கடக்கிற முதியவருக்கு உட்கார ஓர் இடம் தேடித் தர வேண்டியிருக்கிறது. கழிப்பறை எங்கே என்று கேட்காத சுற்றுப்பயணி கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய நீரூற்று ஒரு மூலையில் இருக்கிறது, பக்கத்தில் நின்று பார்த்தால் வேலைப்பாடு அற்புதம். அதைச் சுற்றி இரண்டு பெஞ்சு போட்டால் உட்கார்ந்து பார்ப்பார்கள். காப்பிக்கடை வைத்தால் தே தாரேக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் சமூகத்துக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வந்தபோதுதான் பலருக்கு அந்தக் கட்டடத்தின் வயதே தெரிந்தது. பொதுமக்கள் சத்தம் போட்ட பிறகுதான் அது மரபுடைமைப் பட்டியலுக்குப் போனது. சதுக்கத்துக்கு அந்த மாதிரி கடைசி நேர ஓட்டம் தேவைப்படாது. நேரம் இருக்கிறது, பணமும் ஒதுக்கியிருக்கிறீர்கள். நீங்கள் பொதுமக்கள் கருத்துக் கூட்டம் ஒன்று வைத்தால் குடும்பப் படங்களோடும் பழைய சம்பளச் சீட்டுகளோடும் வருவதற்கு எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். என் தாத்தாவின் ரயில்வே பாஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. நகலெடுத்துத் தருகிறேன். மூலப் படியைக் கேட்டால் அம்மா விடமாட்டார்.

திருமணப் பதிவு முகப்பிடம் பற்றி மட்டுமாவது முதலில் ஒரு பதில் தாருங்கள். முடியும் என்றால் எப்போது என்று சொல்லுங்கள். முடியாது என்றால் எந்தத் துறை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள், அவர்களுக்கும் ஒரு மடல் எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் வேலை பார்க்கும் கோலாலம்பூர்வாசி ஒருவர்